அளவு ஜாக்கெட் சொல்லாத அளவு

போன வருடம் ஆனி மாதம், குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்த நேரத்தில் இது நடந்தது. நான் இருப்பது தென்காசி. குற்றாலத்தில் சாரல் விழுந்தால் எங்கள் ஊரிலும் வெயில் காணாமல் போய்விடும். துவைத்துப் போட்ட துணி மூன்று நாளானாலும் ஈர வாடையோடு தொங்கும். ஊரே சந்தோஷமாக இருக்கும், துணி காயப்போடுகிறவர்களைத் தவிர.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். லேடீஸ் டெய்லர் கடை ஒன்றில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தேன். இடுப்பு வலி வந்து மெஷின் மிதிக்க முடியாமல் போன பிறகு, வீட்டிலேயே உட்கார்ந்து குரோஷா பின்ன ஆரம்பித்தேன். ஒரு கொக்கி ஊசி, கொஞ்சம் நூல், கற்றுக்கொள்ள யூட்யூப். டேபிள் விரிப்பு, குழந்தைக்குத் தொப்பி என்று தொடங்கி, இப்போது பெண்கள் சாதாரணமாகப் போட்டுக்கொள்ளும் மெல்லிய மேல்சட்டை வரை வந்திருக்கிறேன். பேண்ட், பாவாடை எதற்கு மேலும் அதைப் போடலாம். உள்ளே ஒரு ஸ்லிப் இருந்தால் போதும். காட்டன் நூலில் பின்னுவதால் மொத்தச் சட்டையையும் கையில் எடுத்தால் எடையே தெரியாது. முடித்ததும் போட்டோ எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைப்பேன். அதைப் பார்த்து நாலு பேர் கேட்பார்கள்.

டெய்லர் கடையில் நான் கற்றுக்கொண்டதில் முக்கியமானது அளவு ஜாக்கெட் விஷயம். எங்கள் பக்கத்தில் பெண்கள் அனேகமாக டெய்லர் முன்னால் நின்று டேப் வைத்து அளவு கொடுக்க மாட்டார்கள். நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து, "இதே அளவுக்கு" என்பார்கள். கூடவே அங்கே கொஞ்சம் பிடி, இங்கே கொஞ்சம் விடு என்று பத்துத் திருத்தம் சொல்வார்கள். எங்கள் கடை அண்ணாச்சி எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். அவர்கள் படியிறங்கியதும் எங்களைப் பார்த்து, "அவிய சொன்னதயெல்லாம் விடுங்க. அளவு ஜாக்கெட்ட வச்சு வெட்டுங்க" என்பார். அப்படி வெட்டித் தைத்ததில் பெரிதாகப் புகார் வந்ததும் இல்லை. எனக்கும் அதுவே பழகிவிட்டது. வாயால் சொல்வது அன்றைய மனநிலை, ஜாக்கெட் காட்டுவதுதான் உடம்பு என்று மற்றவர்களுக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கீழப்பாவூரிலிருந்து ஒருவர் பைக்கில் வந்தார். நாற்பது வயது இருக்கும். மழைக்கோட்டைக் கழற்றாமலே வாசலில் நின்று, துணிக்கடை கவர் ஒன்றை நீட்டினார். உள்ளே ஒரு பழைய அளவு ஜாக்கெட் இருந்தது.

"எங்க வீட்டுல உங்க போட்டோவப் பாத்திருக்கா. அதே மாதிரி ஒண்ணு வேணுமாம். பிஸ்தா கலர்ல. வார ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியுமாக்கா?"

என்ன விசேஷம் என்று கேட்டேன்.

"விசேஷம்லாம் இல்ல. குத்தாலத்துக்குப் போலாம்னு இருக்கோம். அவ வீட்ட விட்டு எறங்கியே ஏழெட்டு மாசமாச்சு. இந்தச் சட்ட வந்தா போட்டுட்டு வாரேன்னு சொல்லியிருக்கா."

கணவன் மனைவிக்குள் ஏதோ மனத்தாங்கல் போலிருக்கிறது, அருவியைக் காட்டிச் சமாதானம் செய்யப் பார்க்கிறார் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. என் கவலை எல்லாம் பிஸ்தா கலர் நூல் கையிருப்பு போதுமா என்பதில்தான் இருந்தது.

அவர் போனதும் அவர் மனைவியிடமிருந்து வாட்ஸப்பில் செய்தி வந்தது. மூன்று விஷயம் கேட்டிருந்தாள். சட்டைக்கு உள்ளே தையல் விளிம்பு எதுவும் இருக்கக்கூடாது. தலை வழியாக மாட்டுவது வேண்டாம், முன்பக்கம் பட்டன் வேண்டும். மூன்றாவது, வலது கைக்குழி மட்டும் நன்றாக லூசாக இருக்க வேண்டும். கைக்குழி என்றால் சட்டையில் கை நுழைகிற வளையம்.

முதல் இரண்டும் எனக்குப் பிரச்சினையே இல்லை. குரோஷாவில் கழுத்திலிருந்து கீழே ஒரே துண்டாகப் பின்னிக்கொண்டு வந்துவிடலாம், ஒட்டுத் தையலுக்கே வேலையில்லை. மூன்றாவதுதான் புரியவில்லை. அதென்ன வலது கை மட்டும்? அளவு ஜாக்கெட்டை மேஜையில் விரித்து இரண்டு பக்கமும் டேப் வைத்துப் பார்த்தேன். வலதும் இடதும் ஒரு நூல் பிசகாமல் ஒன்றாகத்தான் இருந்தன. சரிதான், இதுவும் அந்தப் பத்துத் திருத்தத்தில் ஒன்று என்று தள்ளிவிட்டேன்.

சட்டை பிரமாதமாக வந்தது. சொல்வதற்கென்ன, வரிசை வரிசையாகச் சிப்பி டிசைன், தேங்காய்ச் சிரட்டையில் செய்த சின்னப் பட்டன்கள், ஓரத்தில் மெல்லிய வளைவு. இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒரே மாதிரி இருந்தது. ஸ்டேட்டஸில் வைத்தேன். நிறையப் பேர் இதயம் போட்டார்கள். வியாழக்கிழமையே அவர் வந்து வாங்கிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளிடமிருந்து செய்தி வந்தது. "அக்கா, சட்டை ரொம்ப அழகா இருக்கு. ஆனா வலது பக்கம் கை பிடிக்குது. அதே பக்கம் நெஞ்சுல தொளதொளன்னு நிக்குது. ஏதும் பண்ண முடியுமா?"

எனக்குச் சுருக்கென்றது. ஐந்து நாள் உட்கார்ந்து பின்னிய சட்டை. அதுவும் அவள் கொடுத்த அளவு. உடனே பதில் போட்டேன். "உங்க அளவு ஜாக்கெட்படிதான் பின்னியிருக்கேன். ஒரே பக்கத்துல ஒரு இடம் பெருத்து ஒரு இடம் மெலிஞ்சா போவாங்க?" போதாததற்கு, கண்ணில் நீர் வரச் சிரிக்கிற பொம்மை மூன்று. இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. அவள் வாயை அடைத்துவிட்டோம் என்று அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. அதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவர் மறுபடி வந்தார். அதே கவர்.

"குத்தாலம் போனீங்களா?"

"இல்லக்கா. அவ வரல. இதக் குடுத்துட்டு வரச் சொன்னா. உங்க மேல கொறை ஒண்ணும் இல்லயாம். வேற யாருக்காவது ஆகும்னு சொன்னா." சொல்லிவிட்டு, நான் பதில் பேசுவதற்குள் பைக்கைத் திருப்பிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் கவரைக் கட்டிலில் வீசினேன். அப்புறம், கறை கிறை ஆக்கிவைத்திருக்கிறாளா என்று பார்ப்பதற்காகத்தான் சட்டையை எடுத்து உதறினேன். உள்பக்கம் வலது மார்பு இருக்கும் இடத்தில் ஏதோ கனத்தது. திருப்பிப் பார்த்தேன். ஒரு கர்ச்சீப். நடுவில் பஞ்சு வைத்து உருண்டையாக மடித்து, ஊக்கு குத்தியிருந்தது. எடுக்க மறந்திருக்கிறாள்.

எங்கள் தெருவிலேயே ஒருவருக்கு மார்பில் கட்டி வந்து ஆபரேஷன் செய்து எடுத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்துக் கை அவருக்கு வீங்கியே இருக்கும். கையைத் தலைக்கு மேலே தூக்க மாட்டார். அக்குள் பக்கம் தையல் விளிம்பு உரசினாலே வலிக்கிறது என்பார். இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. மூன்று விஷயமும் எதற்காகக் கேட்டாள் என்பது அந்தக் கர்ச்சீப்பைப் பார்த்த பிறகுதான் என் மண்டையில் ஏறியது.

போனை எடுத்து அந்தச் செய்தியை அழிக்கப் பார்த்தேன். மூன்று நாளாகிவிட்டதால் எல்லோருக்கும் அழிக்க முடியாது, எனக்கு மட்டும் அழித்துக்கொள்ளலாம் என்று காட்டியது. எனக்கு மட்டும் அழித்து என்ன ஆகப்போகிறது? அவள் போனில் அந்த மூன்று பொம்மையும் சிரித்துக்கொண்டுதான் இருக்கும். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் காலையில் அவருக்குப் போன் செய்து வீட்டுக்கு வழி கேட்டேன். பாவூர்சத்திரத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி ஆட்டோ பிடித்தேன். அவர் தெருமுனையிலேயே நின்றிருந்தார். என்னை வீட்டுக்குக் கூட்டிப் போனார்.

அவளுக்கு முப்பத்தைந்துக்கு மேல் இருக்காது. கணவருடைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அதன்மேல் ஒரு துண்டையும் போர்த்தியிருந்தாள். என் கையில் கவரைப் பார்த்ததும் எழுந்துகொண்டாள்.

"வாங்கக்கா. இத எதுக்குத் திரும்பக் கொண்டாந்திய? சட்ட அழகாத்தான் இருக்கு. எனக்குத்தான் சரிவரல."

"அளவு எடுக்க வந்தேன்" என்றேன்.

"அதான் அளவு ஜாக்கெட் குடுத்தேனேக்கா."

"அது பழைய அளவும்மா."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். அவர், "டீ போடுதேன்" என்று உள்ளே போய்விட்டார்.

"ஐப்பசியில ஆபரேஷன்" என்றாள். "அதுக்குப் பொறவு நான் ஒண்ணுமே தைக்கல. புது அளவுக்கு ஜாக்கெட்டுக்கு நான் எங்கக்கா போவேன்? டெய்லர் கடையில போயி நிக்கவும் மனசு வரல. கைக்குழிய மட்டும் லூசாச் சொல்லிட்டா மத்தத எப்படியும் சமாளிச்சுக்கிடலாம்னு நெனச்சேன்."

அவள் கேட்டது அந்த ஒன்றைத்தான். நான் செய்யாமல் விட்டதும் அந்த ஒன்றைத்தான்.

எங்கே பிடிக்கிறது என்று பார்க்க, ஒரு நிமிடம் போட்டுக் காட்டச் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டு போட்டாள். வலது கை உள்ளே போகவே சிரமப்பட்டது. கழற்றிய பிறகு பார்த்தால், வீங்கிய மேல்கையில் என் சிப்பி டிசைன் அச்சடித்ததுபோல் சிவப்பாகப் பதிந்திருந்தது. எத்தனையோ பேர் நன்றாக இருக்கிறது என்று சொன்ன டிசைன்.

"வெள்ளிக்கெழம மத்தியானம் முழுக்கப் போட்டுட்டே இருந்தேன்க்கா. நூல்தானே, போடப் போட இழுத்துக் குடுக்கும்னு பாத்தேன். மறுநா கை இன்னும் வீங்கிட்டு. இந்தக் கையில இறுக்கமா எதுவும் போடக்கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காவ. அதான் ஞாயித்துக்கெழம போகல."

நான் யாரிடமும் சட்டென்று மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவள். "வாட்ஸப்புல நான் அப்படிப் போட்டிருக்கக் கூடாதும்மா" என்று மட்டும் சொன்னேன்.

"அதப் படிச்சுட்டு மொதல்ல அழுதேன். பொறவு சிரிப்பும் வந்துட்டு. ஒரே பக்கம் பெருத்து, அதே பக்கம் மெலியும்னு சொன்னா யாருதான் நம்புவா? எனக்கே இன்னும் நம்ப முடியலயே." சொல்லும்போதே சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

டேப்பை எடுத்தேன். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக நோட்டில் நடுவே கோடு போட்டு, இடது, வலது என்று தனித்தனியாக எழுதினேன். தோள், கைக்குழி, மேல்கை, மார்பு, அக்குளிலிருந்து இடுப்பு. எந்த இடத்திலும் இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லை. ஆபரேஷன் தழும்பு அக்குள் வரை ஓடியது. அதன்மேல் டேப் படாமல் பிடிக்க வேண்டியிருந்தது. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எழுதி முடித்ததும், எனக்குள் இருந்த குற்ற உணர்ச்சியைக் கொஞ்சம் இறக்கிவைக்க வேண்டும்போல் இருந்தது. "அந்தப் பக்கத்துக்கு நான் பஞ்சு வச்சு லேசா ஒண்ணு பின்னித் தாரேன்மா. கர்ச்சீப்பெல்லாம் வேண்டாம். வெளிய யாருக்கும் தெரியாது" என்றேன். பெரிய உதவி செய்கிற நினைப்பு எனக்கு.

அவள் சட்டென்று திரும்பினாள்.

"அந்தக் கர்ச்சீப்ப எனக்காக வச்சேன்னா நெனச்சிய? உங்க சட்ட அந்த எடத்துல காலியா நின்னுச்சுக்கா. அத நெரப்பத்தான் வச்சேன். எனக்கு அதெல்லாம் வேண்டாம். இப்ப இருக்கிற அளவுக்குப் பின்னித் தாங்க, போதும்."

இரண்டாவது தடவையும் தப்பாகவே புரிந்துகொண்டிருக்கிறேன். முதல் தடவை ஜாக்கெட்டைப் பார்த்து முடிவு செய்தேன். இந்தத் தடவை கர்ச்சீப்பைப் பார்த்து முடிவு செய்தேன். எதிரே நிற்கிற ஆளை நான் கேட்கவே இல்லை. அவர் டீ கொண்டுவந்து வைத்தார். அதில் சீனி போட மறந்திருந்தார். மூன்று பேரும் அப்படியே குடித்து முடித்தோம்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைப் பிரிக்க உட்கார்ந்தேன். குரோஷாவில் எந்த இடத்திலும் பிடித்து இழுத்துப் பிரித்துவிட முடியாது. கடைசியாகப் போட்ட முடிச்சைத் தேடி அவிழ்த்து, அங்கிருந்து பின்னோக்கித்தான் வர வேண்டும். முனை கிடைத்துவிட்டால் ஐந்து நாள் வேலை அரைமணி நேரத்தில் நூலாகிவிடும். பிரித்த நூல் சுருண்டு சுருண்டு நிற்கும். அதை நனைத்துக் காயவைத்தால்தான் மறுபடி பின்ன வசப்படும். சாரல் நேரத்தில் எங்கே காய? நாற்காலி முதுகுகளில் சுற்றி, ஒரு நாள் முழுக்க ஃபேனுக்குக் கீழே வைத்தேன்.

இந்தத் தடவை இடது பக்கம் ஒன்பது சிப்பி வந்தால் வலது பக்கம் ஏழு. பட்டன் பட்டி மட்டும் நேராக இறங்க வேண்டும். அது கோணாமல் வருவதற்குள் மூன்று தடவை பிரித்தேன். வலது அக்குளுக்குக் கீழே பெரிய ஊசியால் வலைபோல் இளக்கமாக ஒரு பகுதி சேர்த்தேன். கை ஓரத்தில் இறுக்கிப் பிடிக்கிற பார்டர் போடவில்லை. வெள்ளிக்கிழமை பாதிச் சட்டையை எடுத்துக்கொண்டு நானே கீழப்பாவூர் போய்ப் போட்டுப் பார்க்கவைத்தேன். "இங்கன இன்னும் கொஞ்சம்" என்றாள். எதற்கு என்று கேட்காமல் இளக்கிக் கொடுத்தேன். சட்டையைத் தனியாக மேஜையில் விரித்தால் யாரோ கற்றுக்குட்டி பின்னிய மாதிரி கோணலாகத்தான் இருந்தது. ஸ்டேட்டஸில் வைக்கவில்லை. முடித்த சட்டையை அவர் வந்து வாங்கிக்கொண்டு போனார்.

அதற்கடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே போன் செய்தாள். "ஐந்தருவிக்குப் போறோம். நீங்களும் வாங்கக்கா." வேலை இருக்கிறது என்றேன். போனை வைத்துவிட்டு ஒரு மணி நேரம் வீட்டுக்குள் அங்குமிங்கும் நடந்துவிட்டு, பஸ் ஏறினேன்.

ஐந்தருவியில் நல்ல கூட்டம். அவள் அருவிக்குக் கீழே போகவில்லை, அந்த வேகத்தில் நிற்கக்கூடாது. நீர்த்திவலை வந்து விழுகிற தூரத்தில், பழக்கடை ஓரமாகக் கணவரோடு நின்று மங்குஸ்தான் தின்றுகொண்டிருந்தாள். துண்டு இல்லை, துப்பட்டா இல்லை. பிஸ்தா கலர் சட்டை மட்டும். வலது பக்கம் தட்டையாக, உடம்பு எப்படியோ அப்படியே இருந்தது. மேஜையில் கோணலாகத் தெரிந்த சட்டை அவள் உடம்பில் ஒரு சுருக்கம் இல்லாமல் விழுந்திருந்தது.

என்னைப் பார்த்துக் கையாட்டினாள். நான் கிட்டே போகிற நேரத்தில் ஈர நைட்டியோடு வெளியூர்ப் பெண் ஒருத்தி பழம் வாங்க வந்தாள். சட்டையைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கே, எந்தக் கடையில வாங்கினீங்க?" என்று ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே வந்தவளின் கண் வலது பக்கம் வந்ததும் நின்றுவிட்டது. தொட்ட கையை எடுத்துக்கொண்டாள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அருவியைப் பார்த்தேன்.

இவள்தான் நிதானமாகச் சொன்னாள். "கடையில வாங்குனது இல்ல. எனக்குன்னே அளவெடுத்துப் பின்னுனது. அந்தா நிக்காவ பாருங்க, அந்த அக்காதான்."

இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் என் வேலையைப் பாராட்டியிருக்கிறார்கள். இந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும்தான் எனக்கு முழுத் தகுதியும் இருக்கவில்லை, முழுச் சந்தோஷமும் இருந்தது.

இப்போதும் அளவு ஜாக்கெட் கொண்டுவருகிறார்கள், வாங்கி வைத்துக்கொள்கிறேன். ஆனால் யாராவது தயங்கித் தயங்கி, இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் விட்டுப் பின்னுங்கள் என்று சொன்னால், ஏன் என்று நான் கேட்பதில்லை, எவ்வளவு என்று மட்டும் கேட்டு எழுதிக்கொள்கிறேன்.